நடந்த தூரத்துக்குக் கணக்கில்லை: ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரும் பெண்களும்

கொல்லிமலை உச்சிகளின் செம்பாறையில் பாக்சைட் இருக்கிறது. அலுமினியத்தின் மூலப்பொருள் அது. மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம், அதாவது மால்கோ, சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை வெட்டிக் கீழே கொண்டுவந்தது. எரிகாரத்தில் வேகவைத்து அலுமினாவைப் பிரித்த பிறகு மிஞ்சிய சிவப்புச் சேறு மேட்டூரில் மேடாக நின்றது. 2008 இறுதியில் அங்கே அலுமினிய உற்பத்தி நின்றுபோனது. மலையில் குழியும் மேட்டூரில் மேடும் மிஞ்சின.

பாக்சைட் படிந்த மலையுச்சி சாதாரணப் பாறை அல்ல. நுண்துளைகள் நிறைந்த அந்த மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் ஊற்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சாமையும் தினையும் விதைக்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்கள் குடத்தோடு போவது அப்படிப்பட்ட ஊற்றுகளுக்குத்தான். சுரங்கத்தைப் பற்றி எழுதும்போது டன் கணக்கும் வேலைவாய்ப்பும் எழுதப்படுகின்றன. ஊற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம் கூடியதா குறைந்ததா என்பதை எந்த ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை.

எழுதப்படாத அந்தத் தூரத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் இதன் களம் கொல்லிமலை அல்ல, ராணிப்பேட்டை. மூடப்பட்ட ஓர் ஆலை நிலத்தடி நீரை என்ன செய்யும், சட்டம் அதை எப்படி அளக்கும், அளக்கும்போது யாரை விட்டுவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

தோலும் குரோமியமும்

ராணிப்பேட்டை என்ற பெயரே ஒரு பெண்ணின் சாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். செஞ்சி தேசிங்குராஜன் போரில் இறந்ததும் அவன் மனைவி ராணிபாய் உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாக ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் இந்த ஊரை உண்டாக்கினார் என்றும் வழங்கிவருகிறது. பாலாற்றின் ஒரு கரையில் ஆற்காடு, மறுகரையில் ராணிப்பேட்டை. ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாகவே கிடக்கும். தண்ணீர் ஓடுவது மணலுக்கு அடியில். அந்த ஊற்றுநீரை நம்பித்தான் கரையோரக் கிணறுகளும் வயல்களும் இருந்தன.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழில் வளர்ந்ததற்கும் தண்ணீர் ஒரு காரணம். பழைய முறையில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதப்படுத்தினார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பைப் பயன்படுத்தினால் ஓரிரு நாளில் வேலை முடியும், தோலும் மென்மையாக வரும். 1970களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோமியத்தின் தேவையும் பெருகியது.

அந்தத் தேவைக்காக வந்ததுதான் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் 1970களின் நடுவில் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சோடியம் பைகுரோமேட், பேசிக் குரோமியம் சல்பேட் முதலானவற்றைச் செய்தது. தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய உப்பு இரண்டாவதாகச் சொன்னது.

இங்கே கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது. பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் குரோமைட் தாதுவில் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்ட வடிவில் இருக்கிறது. அது கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஒப்பீட்டளவில் சாது. அதைப் பொடித்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுத்தால் ஆறு இணைதிறன் கொண்ட வடிவுக்கு மாறுகிறது. அது நீரில் எளிதாகக் கரையும். மஞ்சள் கரைசலாக அதை வடித்தெடுத்துவிட்டு, எஞ்சிய சக்கையை வெளியே கொட்டுவார்கள். எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் ஆறு இணைதிறன் குரோமியம் சக்கையில் தங்கிவிடும். ஒவ்வொரு மழையிலும் அது கொஞ்சம் கரைந்து இறங்கும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகளானாலும் இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தோலில் பட்டால் ஆறாத புண் வரும். புழுதியைச் சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும். அந்த ஓட்டை இந்த வேலையின் அடையாளமாகவே மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

ஆலை மூடப்பட்டபோது வளாகத்திலேயே ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட சக்கை குவிந்து கிடந்தது. பின்னால் வந்த மதிப்பீடுகளில் அது இரண்டு லட்சம் டன்னையும் தாண்டியது. மேலே கூரையும் இல்லை, கீழே விரிப்பும் இல்லை. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கு இடம்பெற்றது. இந்தியாவின் குரோமைட்டில் பெரும்பகுதி வெட்டப்படும் இடம் அது. கொல்லிமலைக்கும் மேட்டூருக்கும் உள்ள உறவுதான் சுகிந்தாவுக்கும் ராணிப்பேட்டை போன்ற ஊர்களுக்கும். வெட்டிய ஊரிலும் உருக்கிய ஊரிலும் தண்ணீர் கெட்டது. இரண்டு பட்டியல்களையும் சேர்த்துப் படித்தால்தான் இது தெரிகிறது.

மூடிய பிறகு

ஆலை ஓடும் காலத்தில் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கும். மேலாளர் இருப்பார், தொழிற்சங்கம் இருக்கும், உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் ஒன்று வரும். மூடியபின் அந்த வாசல் இல்லை. நிறுவனத்திடம் பணமில்லை, சொத்து கடனில் இருக்கும், அரசின் ஒரு துறை இன்னொரு துறைக்குக் கடிதம் எழுதும். சக்கையை என்ன செய்வது என்பதற்கு ராணிப்பேட்டையில் ஆய்வுகள் நடந்தன, திட்ட அறிக்கைகள் தயாராயின, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதற்கிடையே ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை வந்துபோனது.

மழைநீர் மேட்டில் இறங்கி மஞ்சளாகக் கசிந்தது. குரோமேட் என்ற அந்த வடிவம் எதிர்மின்னூட்டம் கொண்டது. களிமண் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே மண் அதைப் பிடித்துவைக்காது, நீர் போகிற வழியெல்லாம் அதுவும் போகும். ராணிப்பேட்டைப் பகுதியின் அடியில் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கு, அதற்குக் கீழே வெடிப்புகள். வெடிப்பு ஓடும் திசையில் நஞ்சும் ஓடும். அதனால்தான் அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஒன்று கெட்டும் மற்றொன்று நன்றாகவும் இருக்கும். ஊர்க்காரர்களின் பேச்சை அதிகாரிகள் நம்பாமல் போவதற்கு இது வசதியான காரணமாகவும் ஆகிவிடும்.

கிணறு கெட்டால் வீட்டில் முதலில் மாறுவது பெண்ணின் வேலைநேரம். பம்புசெட் ஓடும், வயலுக்குத் தண்ணீர் பாயும், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் வேறெங்கோ போகவேண்டும். வீட்டு வளாகத்தில் தண்ணீர் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் அதைக் கொண்டுவரும் பொறுப்பு பெண்களுடையது, சிறுமிகளுடையது என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2023இல் வெளியிட்ட உலக அளவிலான அறிக்கை சொல்கிறது. தண்ணீரைக் கொண்டுவருவது மட்டுமல்ல, இந்தத் தண்ணீர் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பிரிப்பதும் அவர்கள் வேலைதான். இது குடிக்க, இது பாத்திரம் கழுவ, இது மாட்டுக்கு, இது எதற்கும் வேண்டாம்.

தோல் ஷாப்புகளின் கழிவால் உப்பேறிய தண்ணீரை இப்படிக் கண்டுபிடிப்பது எளிது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, நாக்கில் கரிக்கும். பாலாற்றுப் பகுதிப் பெண்கள் பரிசோதனைக்கூடம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதை அறிந்திருந்தார்கள். ஆனால் குரோமியத்தின் கதை வேறு. குடிநீரில் இருக்கத்தக்க குரோமியத்தின் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அந்த அளவிலோ அதன் பத்து மடங்கிலோகூடத் தண்ணீரில் நிறம் தெரியாது. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராமை நெருங்கும்போதுதான், அதாவது வரம்பின் இருபது மடங்கில்தான், கண்ணுக்கு மஞ்சள் படும். குடத்தில் மஞ்சள் தெரிந்த நாளில் அந்த வீடு எவ்வளவு காலமாக அதைக் குடித்துக்கொண்டிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்பது நம் வீடுகளில் உள்ள நம்பிக்கை. கிருமிக்கு அது சரி. குரோமியத்துக்குச் சரியல்ல. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், உலோகம் பாத்திரத்திலேயே இருக்கும், செறிவு கூடும். துணியில் வடிகட்டினாலும் பயனில்லை, கரைந்திருப்பது துணியில் தங்காது. தாய்மார்கள் கவனக்குறைவாக இருந்ததால் இந்த நஞ்சு பிள்ளைகளிடம் போகவில்லை. அவர்கள் கவனமாகச் செய்த வேலை இந்த நஞ்சைத் தடுக்கக்கூடியது அல்ல. அதைச் சொல்லவேண்டிய பொறுப்பு அளவுகருவி வைத்திருந்தவர்களுடையது.

தீர்ப்பில் ஒரு வாக்கியம்

1991இல் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தது. தோல் ஷாப்புகள் சுத்திகரிக்காத கழிவைப் பாலாற்றிலும் வயல்களிலும் விடுவதைப் பற்றியது அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுதல் நேரலாம் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் தடுக்கவேண்டும், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அது அறிவித்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவியும் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

அந்தத் தீர்ப்பில் எண்கள் பல இருக்கின்றன. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு இருக்கிறது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற தன்னார்வக் குழு ஒன்றின் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஒட்டி, பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்கவேண்டியிருக்கிறது என்று ஒரு வரியும் இருக்கிறது.

அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். கிணறுகளுக்கு எண் இருக்கிறது, நிலத்துக்கு எண் இருக்கிறது. நடந்த பெண்களுக்கு எண் இல்லை. எத்தனை பேர், எத்தனை மைல், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை ஆண்டுகள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். துன்பத்தின் சித்திரமாக மட்டும் அவர்கள் தீர்ப்புக்குள் வந்தார்கள். இழப்பின் கணக்காக வரவில்லை.

தீர்ப்பைத் தொடர்ந்து சூழல் இழப்புத் தடுப்பு, இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 2001 மார்ச் 7 அன்று அது தந்த முடிவின்படி வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். அடிப்படை, கெட்டுப்போன விவசாய நிலம். இது தோல் ஷாப்புகளின் கழிவுக்கான இழப்பீடு. மூடிய குரோமேட் ஆலையின் மேட்டுக்கானதல்ல. ஆனாலும் இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் கெட்டதற்கு அரசு விலை நிர்ணயித்த பெரிய முயற்சி இதுதான் என்பதால், அந்த விலையை எதைக்கொண்டு கணக்கிட்டார்கள் என்று பார்ப்பது அவசியம்.

நிலத்தைக்கொண்டு கணக்கிட்டார்கள். அப்படியானால் நிலம் யார் பெயரில் இருந்தது?

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை தரும் சட்டத் திருத்தம் 1989இல் வந்தது. நாட்டுக்கே முன்னோடியான திருத்தம்தான். ஆனால் 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்தத் தேதி முக்கியத்துவம் இழந்தது 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்துக்குப் பிறகுதான். இழப்பீடு முடிவானது 2001இல். அதாவது கிணறுகள் கெட்ட காலத்தில் நடுவயதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர், பிறந்த வீட்டு நிலத்தில் பிறப்புரிமை கேட்க முடியாத தலைமுறையைச் சேர்ந்தவர்கள். புகுந்த வீட்டு நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தது. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில்கூட, நாடு முழுவதும் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம்தான்.

நிலமே இல்லாத பெண்கள் இதைவிட வெளியே நின்றார்கள். நிலம் தரிசானால் நிலக்காரருக்கு விளைச்சல் போகும், களையெடுக்கவும் நாற்று நடவும் போன பெண்ணுக்குக் கூலி போகும். விளைச்சலை ஹெக்டேர் கணக்கில் அளக்கலாம். நடக்காத நடவுக்குக் கூலிப் பட்டியல் கிடையாது. வயல்வேலை இல்லாமல் போன பின், அதே தண்ணீரைக் கெடுத்த தொழிலின் இன்னொரு முனையில், காலணித் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த பெண்களும் இந்த மாவட்டங்களில் ஏராளம். ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணி ஆலைகளில் தையல் பிரிவுகளைப் பெரும்பாலும் பெண்களே நிரப்புகிறார்கள். அந்தச் சம்பளம் அவர்களுக்குத் தேவை. ஆகவே ஆலை வேண்டுமா தண்ணீர் வேண்டுமா என்று அவர்களிடம் கேட்பது நியாயமான கேள்வி அல்ல. இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அடுப்படியிலிருந்து வந்த சான்று

பெண்கள் சேர்த்த விவரம் சான்றாக முடியுமா? முடியும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்ற கைவிடப்பட்ட கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. பிறகு அந்த நிலத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. மேலே பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம்தாய் தன் மகனின் நோயிலிருந்து தொடங்கி, வீடு வீடாகப் போய்க் கருச்சிதைவுகளையும் குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் குறித்துக்கொண்டார். பெவர்லி பெய்கன் என்ற பெண் விஞ்ஞானி அந்தக் குறிப்புகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, பழைய ஓடைகள் ஓடிய தடங்களை ஒட்டி நோய்கள் குவிந்திருந்தன. இல்லத்தரசிகள் திரட்டிய பயனற்ற தகவல் என்று சுகாதாரத் துறை அதைத் தள்ளியது. ஆனால் போராட்டம் நிற்கவில்லை. குடும்பங்கள் இடம்மாற்றப்பட்டன. கைவிடப்பட்ட நச்சு இடங்களைத் துப்புரவாக்கும் சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980இல் அந்த நாட்டில் பிறந்தது.

போபாலில் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் இருக்கிறது. 1984 டிசம்பர் இரவின் விஷவாயு உலகறிந்தது. ஆனால் யூனியன் கார்பைடு ஆலையின் கழிவு அதற்கு முன்பிருந்தே மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கழிவுநீரை உலரவைக்க 1977இல் கட்டிய குட்டைகள் கசிந்தன. ஆலை மூடிய பிறகும் சுற்றுக் குடியிருப்புகளின் அடிபம்புகளில் நச்சு வந்தது. வாயுவால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான எழுதுபொருள் தயாரிப்புப் பட்டறையில் வேலை செய்த ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவரும் முதலில் போராடியது கூலிக்காக. அந்தச் சங்கமே பிறகு நீதிக்கும் தண்ணீருக்குமான போராட்டத்தின் முதுகெலும்பானது. 2002இல் துடைப்பத்தைக் கையில் எடுத்து, கார்பைடை வாங்கிய டவ் நிறுவனத்தைத் தட்டிக் கேட்டார்கள். இருவருக்கும் 2004இல் கோல்ட்மேன் விருது கிடைத்தது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்ட குடியிருப்புகளுக்குச் சுத்தமான குடிநீர் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு குழாயாக மாறுவதற்கு இன்னும் பத்தாண்டுப் போராட்டமும் போபாலிலிருந்து தில்லிக்கு நடைப்பயணங்களும் தேவைப்பட்டன.

ராணிப்பேட்டையின் அதே உலோகம் கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரின் நிலத்தடி நீரிலும் கலந்தது. எரிவாயு நிறுவனம் ஒன்று குளிர்விக்கும் நீரில் ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சேர்த்து, விரிப்பில்லாத குட்டைகளில் விட்டதன் விளைவு. வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எரின் பிராக்கோவிச் கோப்புகளில் தோண்டி எடுத்த வழக்கு அது. 1996இல் 33 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. வேலூர் தீர்ப்பு வந்ததும் அதே 1996இல்தான். ஒரே உலோகத்துக்கு இரண்டு நாடுகளில் கிடைத்த விலை இவ்வளவு வேறுபட்டது. அங்கே கணக்கிட்டது உடல்களுக்கு நேர்ந்த நோயை, இங்கே கணக்கிட்டது நிலத்துக்கு நேர்ந்த உப்பை. அமெரிக்க முறையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஹிங்க்லி ஏறத்தாழ ஆளில்லாத ஊராகிவிட்டது. எதை எண்ணுகிறோம் என்பதை வைத்தே எதற்கு விலை என்பது முடிவாகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எதை எண்ணவேண்டும்

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆலைக் கழிவு என்பது ஓரிடத்தில் கிடக்கும் பொருள் அல்ல, அது எப்போதும் எங்கோ போய்க்கொண்டிருக்கும் பொருள் என்பதை அந்த இரவு காட்டியது. அது அன்று ஒரே இரவில் நகர்ந்ததால் செய்தியானது. கிணறுகளை நோக்கி முப்பது ஆண்டுகளாக நகர்வது செய்தியாவதில்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுப் பகுதி தோல் கழிவு வழக்கில் மீண்டும் தீர்ப்புச் சொன்னது. இன்னும் இழப்பீடு பெறாதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூலிக்கவேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. முதல் வழக்குத் தொடுத்து முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தீர்ப்பு. 1991இல் தண்ணீர் தூக்கிய பத்து வயதுச் சிறுமிக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது.

இந்த முறையாவது கணக்கின் அடிப்படையை மாற்றக் கேட்கலாம். நிலப்பட்டாவோடு சேர்த்துத் தண்ணீருக்குச் செலவான நேரத்தை எண்ணலாம். கெட்ட கிணறுகளின் பட்டியலோடு, அந்தக் கிணற்றை விட்டு எந்தக் குழாய்க்குப் போனார்கள், எவ்வளவு தூரம், கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு என்று எழுதலாம். நூறு நாள் வேலைத் தளத்தில், சுயஉதவிக் குழுக் கூட்டத்தில், அங்கன்வாடி வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாலே இதில் பாதி வேலை முடிந்துவிடும். மற்ற பாதிக்குக் கருவி வேண்டும். நிறமில்லாத குரோமியத்தைக் கண்ணோ நாக்கோ கண்டுபிடிக்காது. ஆகவே ஆலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு குடிநீர் ஆதாரத்திலும் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை, ஊராட்சி அலுவலகச் சுவரில், படிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் படிக்கும்படி எழுதிவைக்கக் கேட்கவேண்டும். கிராம சபைக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கல்லூரியில் வரலாறோ சமூகப்பணியோ படிக்கும் மாணவிகளுக்கு இதில் ஒரு வேலை காத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் மட்டுமல்ல. கொல்லிமலை ஊற்றுகளைப் பற்றி, எந்த ஊற்று சுரங்கத்துக்கு முன் கோடையிலும் ஓடியது, எது பின்னால் வற்றியது என்பதை அறிந்த மூதாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் நினைவு ஆவணமாகிவிட்டால், நாளை வேறொரு நிறுவனம் வேறொரு தாதுவைத் தேடி மலையேறும்போது ஊருக்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும். பழைய குரோமேட் ஆலையைச் சுற்றிய ஊர்களிலும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். எந்த ஆண்டு எந்தக் கிணற்றை விட்டோம் என்று அவர்களுக்குத் தேதியோடு தெரியும், ஏனென்றால் அந்த ஆண்டில்தான் ஒரு மகள் பிறந்தாள், அல்லது ஒரு மகள் பள்ளியை விட்டு நின்றாள். அந்தத் தேதிகளைக் கேட்டு எழுதத் தொடங்குவோம்.